மூலிகை என்ற சமாதானம்

முதுகலை வேதியியல் இறுதியாண்டு மாணவிகள் ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்புக் கேட்டு வரும்போது, சில ஆண்டுகளாக ஒரே மாதிரியான தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. ஏதோ ஒரு செடியின் இலையையோ வேரையோ பட்டையையோ எடுத்துச் சாறு இறக்கி, அது டைரோசினேஸ் என்ற நொதியைத் தடுக்கிறதா என்று பார்ப்பது. செலவு குறைவு. காளானிலிருந்து பிரித்த நொதி சிறு குப்பியில் விலைக்குக் கிடைக்கிறது. அதோடு எல்-டோப்பா என்ற பொருளைச் சேர்த்தால் கரைசல் மெல்ல ஆரஞ்சு கலந்த சிவப்பாக மாறும். செடியின் சாற்றையும் சேர்த்தால் அந்த நிறம் எவ்வளவு குறைகிறது என்பதை 475 நானோமீட்டர் ஒளியில் அளந்து கொள்ளலாம். ஒரு பருவத்துக்குள் முடித்துவிடக்கூடிய வேலை. நானும் பலருக்கு வழிகாட்டியிருக்கிறேன்.

அப்படியொரு நாளில் சோதனைக் குழாய் நிறம் ஏறாமல் வெளிறியே நின்றபோது மாணவிகள் கைதட்டினார்கள். அதிமதுர வேரின் சாறு அது. ஒருத்தி மட்டும் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "அப்ப இத மூஞ்சில போட்டுக்கலாமா மேம்?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் நல்ல கறுப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேரும் கறுப்புதான். நானும் கறுப்புதான். "இது காளானின் நொதிம்மா, மனுசத் தோலில் அப்படியே வேலை செய்யும்னு சொல்ல முடியாது" என்று சொல்லி அடுத்த குழாய்க்குப் போய்விட்டேன். சொன்னது சரியான பதில். ஆனால் அவள் கேட்டது அதுவல்ல என்று எனக்கு அப்போதே தெரியும். அன்று தவிர்த்த பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் இந்த நொதி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். வாழைக்காயையும் கத்தரிக்காயையும் நறுக்கியதும் தண்ணீரில் போடுகிறோம். வாழைப்பூவை மோரில் போடுகிறோம். போடாவிட்டால் கறுத்துவிடும். காயின் செல்கள் வெட்டுப்பட்டதும் உள்ளே இருக்கும் தாமிரம் கொண்ட ஒரு நொதி, காற்றிலிருக்கும் ஆக்சிஜனின் துணையோடு, காயிலிருக்கும் ஃபீனால் பொருட்களைக் கறுப்பு நிறமியாக மாற்றுகிறது. தண்ணீர் காற்றைக் குறைக்கிறது, மோரின் புளிப்பு நொதியின் வேகத்தைக் குறைக்கிறது. நம் தோலிலிருக்கும் டைரோசினேஸ் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. தோலின் மேலடுக்குக்கு அடியில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. அவை டைரோசின் என்ற அமினோ அமிலத்தை இந்த நொதியின் உதவியால் மெலனினாக மாற்றி, சிறு பொட்டலங்களாகச் சுற்றியிருக்கும் தோல் செல்களுக்கு அனுப்புகின்றன. அந்தப் பொட்டலங்கள் தோல் செல்லுக்குள் போய்ச் சும்மா கிடப்பதில்லை. செல்லின் உட்கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாக, ஒரு குடைபோலக் கூடி நிற்கின்றன. உட்கருவில் டி.என்.ஏ. இருக்கிறது. புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்காமல் காப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

கறுப்பாக இருப்பவருக்கும் வெளுப்பாக இருப்பவருக்கும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். பொட்டலத்தின் அளவு, அதில் இருக்கும் மெலனினின் வகை, அது எவ்வளவு காலம் சிதையாமல் நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு. நாற்று நடும் பெண்ணுக்கும், கட்டட வேலைக்குப் போகும் சித்தாளுக்கும், நடைபாதையில் உட்கார்ந்து பூக் கட்டும் அக்காவுக்கும் அவர்கள் உடம்பே பிடித்துத் தரும் குடை அது. ஆய்வுக் கட்டுரைகளில் இதே நொதி 'இலக்கு' என்று அழைக்கப்படுகிறது. நோய்க் கிருமியைச் சொல்வதற்கும் நாங்கள் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.

என் துறையில் வரும் இத்தகைய கட்டுரைகளை இப்போது இலக்கியப் பிரதியைப் படிப்பதுபோல் படிக்கிறேன். பெரும்பாலானவற்றின் முதல் பத்தி ஒரே அச்சில் வார்த்தது. முதல் வாக்கியம் மெலனின் தோலைக் காக்கிறது என்று சொல்லும். இரண்டாவது வாக்கியம் 'ஆனால்' என்று தொடங்கும். அதிகப்படியான மெலனின் சேர்ந்தால் மங்கு, கரும்புள்ளி, வயதுப் புள்ளிகள் போன்ற அழகுப் பிரச்சினைகள் வரும் என்று சொல்லும். மூன்றாவது வாக்கியம் செயற்கைப் பொருட்களுக்குப் பக்கவிளைவு இருப்பதால் இயற்கையான, பாதுகாப்பான தடுப்பான்களைத் தேடவேண்டியிருக்கிறது என்று முடிக்கும். நான்காவது வாக்கியத்தில் செடியின் பெயர் வந்துவிடும்.

இந்த மூன்று வாக்கியங்களுக்குள் நடப்பதைக் கவனியுங்கள். மங்கு உண்மையிலேயே ஒரு தோல் சிக்கல். கர்ப்ப காலத்திலும், சில கருத்தடை மாத்திரைகளாலும், வெயிலாலும் பெண்களின் கன்னத்திலும் நெற்றியிலும் திட்டுத் திட்டாக வருகிறது. அதற்குச் சிகிச்சை கேட்டு வரும் பெண்ணை யாரும் பழிக்க முடியாது. ஆனால் அந்தத் திட்டுக்குச் சொன்ன 'அதிகப்படியான' என்ற சொல், கட்டுரையை விட்டு வெளியே வந்து கிரீம் டப்பாவில் ஏறும்போது முகம் முழுவதற்கும் ஆகிவிடுகிறது. ஒரு திட்டு பக்கத்துத் தோலைவிட அதிகம் கறுத்திருக்கிறது என்றால் அளவுகோல் அந்தப் பெண்ணின் சொந்தத் தோல். முழு முகமும் 'அதிகமாக'க் கறுத்திருக்கிறது என்றால் அளவுகோல் யாருடைய தோல்? இந்தக் கேள்வி கட்டுரையிலும் இல்லை, டப்பாவிலும் இல்லை.

மூன்றாவது வாக்கியம்தான் இன்னும் சிக்கலானது. 'இயற்கையான, பாதுகாப்பான' என்று இரண்டு சொற்களும் ஒன்றின் பொருளை மற்றொன்று சொல்வதுபோல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படுகின்றன. அந்தச் சொற்களை நான் ஆய்வகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. என் வீட்டிலேயே இருந்தன.

எனக்குப் பதினேழு வயது இருக்கும்போது என் பெரியம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் கஸ்தூரி மஞ்சள், அதிமதுரப் பொடி, கடலை மாவு மூன்றையும் தயிரில் குழைத்து என் முகத்திலும் கையிலும் பூசிவிடுவார். அன்போடுதான் செய்தார். கை இதமாக இருக்கும். அந்த நேரத்தில் ஊர்க்கதை எல்லாம் சொல்வார். என் அம்மா கடையில் விற்ற கிரீமை வாங்கித் தர ஒப்பவில்லை. "கண்ட கெமிக்கலப் போட்டு மொகத்தக் கெடுத்துக்காத" என்பார். பெரியம்மாவின் பூச்சுக்கு மட்டும் தடை இல்லை. "அது மூலிகைதானே." இத்தனைக்கும் இரண்டும் ஒரே வேலைக்காகத்தான். எனக்கு மாப்பிள்ளை பார்க்கப்போகிறார்கள் என்பதும், அக்காளைவிட நான் கறுப்பு என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கிரீம் வாங்கினால் அதை ஒப்புக்கொண்டது ஆகிவிடும். மூலிகை என்றால் அது உடம்பைப் பேணுவது, பாட்டி காலத்துப் பழக்கம், வெறும் எண்ணெய்க் குளியல்போல. 'உன் நிறம் எங்களுக்குப் போதவில்லை' என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுக்கும்போதும் நடப்பது இதுதான். பிறக்காத குழந்தைக்கே தொடங்கிவிடுகிறோம், ஆனால் அதற்குச் சத்து என்று பெயர்.

நிறுவனங்கள் இந்தச் சமாதானத்தை நம் வீடுகளில் இருந்துதான் எடுத்தன. டப்பாவின் முன்பக்கம் அதிமதுரமும் மல்பெரியும் பச்சை இலைகளோடு படமாக இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்கள் வேறு மாதிரி இருக்கும். அதிமதுரத்தில் இருக்கும் கிளாப்ரிடின், மல்பெரியில் இருக்கும் ஆக்சிரெஸ்வெரட்ரால் ஆகியவை டைரோசினேஸைத் தடுக்கும் என்பது ஆய்வகச் சோதனைகளில் உண்மைதான். ஆர்புட்டின் என்ற பொருள் பேர்பெர்ரி என்ற குளிர்நாட்டுச் செடியின் இலையிலும் பேரிக்காய் மரத்திலும் இருக்கிறது. ஆனால் ஆர்புட்டின் என்பது ஹைட்ரோகுவினோனோடு ஒரு குளுக்கோஸ் சேர்ந்த மூலக்கூறு. தோல் மருத்துவர்கள் அளந்து, காலம் குறித்துக் கொடுக்கும் அதே ஹைட்ரோகுவினோன்தான். அழகுக் கிரீம்களில் அதைச் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் தடை விதித்தது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக்கு எதிராகப் போராடியவர்களும் மருத்துவர்களும் சேர்ந்து குரல் கொடுத்ததால் 1990-லேயே தடை வந்தது. ஆர்புட்டினும் ஹைட்ரோகுவினோனும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை சேர்ந்திருப்பதால் அது மெதுவாக, மென்மையாக வேலை செய்கிறது. 'இது மூலிகை, அது கெமிக்கல்' என்று அம்மா போட்ட கோடு மூலக்கூறுக்குள் போனால் எங்கும் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் காளான் நொதியில் காட்டும் வெற்றியின் மதிப்பு குறைவு. 2018-இல் ஜெர்மனியின் பையர்ஸ்டார்ஃப் நிறுவன ஆய்வாளர்கள் மனித டைரோசினேஸையே ஆய்வகத்தில் தயாரித்து 50,000 சேர்மங்களைச் சோதித்தார்கள். காளானின் நொதியில் நன்றாக வேலை செய்யும் கோஜிக் அமிலமும் ஆர்புட்டினும் மனித நொதியில் பலவீனமானவை என்று தெரியவந்தது. இப்படிப்பட்ட பொருட்களைப் பெண்கள் மாதாமாதம் காசு கொடுத்து வாங்கிப் பூசி, பலன் இல்லாதபோது 'எனக்குத்தான் ஒத்துவரல' என்று தங்களையே நொந்து கொள்கிறார்கள். சரி, நன்றாகவே வேலை செய்யும் ஒரு பொருள் வந்தால் என்ன ஆகும்? அப்படியும் ஒன்று வந்தது.

ஜப்பானில் மேக்குசுரினோகி என்று ஒரு மரம் உண்டு. பெயருக்கு 'கண் மருந்து மரம்' என்று பொருள். மேப்பிள் இனம். அதன் பட்டையைக் காய்ச்சி கண் நோவுக்கும் கல்லீரலுக்கும் மருந்தாகக் கொடுப்பது அங்கே நாட்டு வைத்தியம். அந்தப் பட்டையிலும், பிர்ச் மரப் பட்டையிலும் ரோடோடென்ட்ரால் என்ற சேர்மம் இருக்கிறது. அதன் வடிவம் டைரோசினை ஒத்திருக்கும். அதனால் டைரோசினேஸ் இதை டைரோசின் என்று நினைத்துப் பிடித்துக் கொள்ளும், மெலனின் உருவாவது குறையும். கானெபோ என்ற பெரிய அழகுசாதன நிறுவனம் இதை உருவாக்கி, 2008-இல் சுகாதார அமைச்சகத்தின் ஒப்புதலைப் பெற்று, 2 சதவீத அளவில் கிரீம்களிலும் லோஷன்களிலும் சேர்த்து விற்றது.

அங்கே இந்த வகைப் பொருட்களுக்கு 'பிஹாக்கு' என்று பெயர். அழகு, வெண்மை என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. சட்டப்படி இவை மருந்துக்கும் அழகுசாதனத்துக்கும் இடைப்பட்ட ஒரு வகை. மெலனின் உற்பத்தியை அடக்கிக் கரும்புள்ளி வராமல் தடுக்கும் என்று சொல்லலாம், நோயைக் குணமாக்கும் என்று சொல்லக் கூடாது. வெளுத்த தோல் ஏழு குறைகளை மறைக்கும் என்ற பொருளில் ஜப்பானில் ஒரு பழமொழியே இருக்கிறது. வெள்ளைக்காரனைப் பார்த்து வந்த ஆசை என்று அதைச் சொல்லிவிட முடியாது. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே அரண்மனைப் பெண்கள் முகத்தில் வெள்ளை மாவு பூசினார்கள். வயலில் இறங்காத பெண் என்பதற்கு அடையாளம் அது.

2013 ஜூலை 4-ஆம் தேதி கானெபோ தன் 54 பொருட்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பூசிய பெண்களின் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் வெள்ளைத் திட்டுகள் தோன்றியிருந்தன. பயன்படுத்தியவர்கள் ஏறக்குறைய 8 லட்சம் பேர் என்று கணக்கிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் என்று உறுதியானவர்களின் எண்ணிக்கை பின்னால் 19,000-ஐத் தாண்டியது. கிரீமை நிறுத்தியபின் பலருக்கு நிறம் திரும்பியது. சிலருக்குத் திரும்பவில்லை.

கிரீமில் கலப்படமில்லை. பாதரசம் இல்லை. போலிச் சரக்கு இல்லை. பெயர்பெற்ற நிறுவனம், அரசு ஒப்புதல், மரப்பட்டையில் இருக்கும் மூலக்கூறு. பின்னால் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தது இது: டைரோசினேஸ் ரோடோடென்ட்ராலைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. டைரோசினை மாற்றுவதுபோல அதையும் மாற்றியது. அப்படி உண்டான குவினோன்கள் செல்லின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு மெலனோசைட்டையே கொன்றன. நிறத்தைக் குறைக்க எந்த நொதியை இலக்காக வைத்தார்களோ, அந்த நொதியே அந்தப் பொருளை நஞ்சாக்கியது. அது வேலை செய்த வழியும் கெடுத்த வழியும் ஒன்றுதான்.

இது யாராலும் எதிர்பார்க்க முடியாததா? 1939-இல் அமெரிக்காவில் தோல் பதனிடும் ஆலை ஒன்றின் தொழிலாளர்களுக்குக் கையிலும் முன்கையிலும் நிறம் போனது மருத்துவ இதழில் வெளியானது. அவர்கள் போட்டிருந்த ரப்பர் கையுறையில் ஹைட்ரோகுவினோனின் உறவான ஒரு ஃபீனால் சேர்மம் இருந்தது. 1998-இல் ஜப்பானிலேயே, ரோடோடென்ட்ராலுக்கு மிக நெருங்கிய ராஸ்பெர்ரி கீட்டோனைத் தயாரித்த தொழிலாளர்களுக்கு வெள்ளைத் திட்டுகள் வந்ததும் பதிவாகியிருக்கிறது. டைரோசினைப் போன்ற ஃபீனால்கள் மெலனோசைட்டைக் கொல்லக்கூடும் என்ற செய்தி தொழிலாளர்களின் கைகளில் எழுதப்பட்டு எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. முகத்தில் பூசும் கிரீமைச் செய்தவர்கள் அந்தக் கைகளைப் போதிய அளவு படிக்கவில்லை.

என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. திரும்பப் பெறும் அறிவிப்புக்குப் பிறகு, வெளி வழக்கறிஞர்களைக் கொண்டு நடத்திய விசாரணையின் அறிக்கையை நிறுவனமே 2013 செப்டம்பரில் வெளியிட்டது. 2011-லேயே வெள்ளைத் திட்டுகள் பற்றிப் புகார்கள் வந்திருக்கின்றன. அவற்றை வாடிக்கையாளருக்கு இருக்கும் நோய் என்று எடுத்துக் கொண்டிருக்கிறார்கள். 2013-இல் தோல் மருத்துவர் ஒருவர் நேரடியாக எழுதிய பிறகுதான் வேகம் பிடித்திருக்கிறது.

வெண்புள்ளி என்ற நோய் உண்மையிலேயே இருக்கிறது, ஆகவே குழப்பம் வந்திருக்கலாம். ஆனால் அந்தக் குழப்பம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பாருங்கள். கிரீம் வாங்கும் முன்பு பிரச்சினை பெண்ணின் தோலில் இருந்தது: மெலனின் அதிகம். கிரீம் கெடுத்த பின்பும் பிரச்சினை பெண்ணின் தோலில்தான் இருந்தது: மெலனின் போய்விட்டது, அவளுக்கு நோய். இரண்டு இடத்திலும் பொருள் குற்றமற்றது. இடையில் இருந்த அந்த மரப்பட்டையின் பெயரும், அரசு முத்திரையும், அவளே தன்னைச் சந்தேகிப்பதற்கு உதவியிருக்கும். இயற்கையான பொருள் கெடுக்காது என்று நம்பினால் மிச்சம் இருப்பது நம் உடம்பின் குறைதானே. நம் ஊர் மருந்துக்கடையில், அழகு நிலையத்தில், 'உங்க ஸ்கின் டைப்புக்கு ஒத்துக்கலம்மா' என்று கேட்காத பெண் உண்டா? எனக்கும் ஒருமுறை மூலிகை ப்ளீச் போட்டு நெற்றி வெந்துபோனது. அதைப் போட்டுவிட்ட இடத்தில் சொன்னார்கள்: "உங்களுக்கு உடம்புச் சூடு அதிகம்." நான் அன்று இளநீர் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றிருந்தேன்.

அந்த 19,000 பேரின் தோலில் மெலனின் குறைந்தது. சில இடங்களில் அறவே இல்லாமல் போனது. விளம்பரம் சொன்ன வெண்மை அதுதான் என்றால் அவர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக அந்தத் திட்டுகளை மறைப்பதற்கு ஒப்பனை தேடினார்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புரியாத செய்தி இல்லை. இங்கே வெண்புள்ளி வந்த பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப்போகிறது. அவளுடைய தங்கைக்கும் தள்ளிப்போகிறது. தொற்றாத, உயிருக்கு ஆபத்தில்லாத அந்த நிலையை 'வெண்குஷ்டம்' என்று அழைத்து, தொழுநோயின் பயத்தை அதில் ஏற்றி வைத்திருந்தோம். அந்தச் சொல்லை மாற்றுவதற்கே ஓர் இயக்கம் தேவைப்பட்டது. அரசும் 'வெண்புள்ளிகள்' என்ற சொல்லை ஏற்றது. கறுப்பென்று ஒரு பெண்ணை ஒதுக்கும் அதே குடும்பம், வெள்ளைத் திட்டென்று இன்னொரு பெண்ணை ஒதுக்குகிறது. அப்படியென்றால் அவர்கள் கேட்பது வெள்ளையை அல்ல.

நம் பேச்சிலேயே அது இருக்கிறது. தமிழில் யாரும் 'பொண்ணு வெள்ளையா இருக்கா' என்று பாராட்டாகத் தொடங்குவதில்லை. 'செவப்பா இருக்கா' என்றுதான் சொல்கிறோம். சிவப்பு, புதுநிறம், மாநிறம் என்று படிகள் இருக்கின்றன. கடைசிப் படிக்கு 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்ற ஆறுதல். அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லை நான் சின்ன வயதிலிருந்தே என் பெயரோடு கேட்டு வளர்ந்திருக்கிறேன். இந்தப் படிகள் நிறமியை அளப்பதில்லை. எந்தச் சாதி, வெயிலில் வேலை செய்யும் குடும்பமா நிழலில் இருக்கும் குடும்பமா, எத்தனை பவுன் போட்டால் ஈடாகும் என்பதை அளக்கின்றன. கறுப்பைச் சட்டையாகவும் கொடியாகவும் அணிந்து அரசியல் பேசிய ஊரில், கறுப்பு ஆண் திரைநாயகனாகி நாற்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகும், பெண்ணுக்கு இந்த அளவை மாறவில்லை. ஜப்பானின் வெண்மைக்கும் நம் சிவப்புக்கும் வரலாறு வேறு. ஆனால் இரண்டிலும் பெண்ணின் தோல் என்பது அவள் குடும்பத்தின் நிலையைச் சொல்லும் பலகை. அதை ஒரு நொதியின் மேல் பழி போட்டுச் சரிசெய்ய முடியாது.

எதிர்ப்புகள் நடக்காமல் இல்லை. 2003-இல் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் போராட்டத்துக்குப் பிறகு ஃபேர் அண்ட் லவ்லியின் விளம்பரங்கள் திரையிலிருந்து எடுக்கப்பட்டன. சென்னையிலிருந்து இயங்கும் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009-இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2014-இல் விளம்பரத் தர மன்றம் கறுப்பு நிறத்தவரைத் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று விதி வகுத்தது. 2020-இல், அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் உலகமெங்கும் பேசப்பட்டபோது, ஃபேர் அண்ட் லவ்லி 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. 2021-இல் கானெபோவின் தாய் நிறுவனமான காவோ 'பிஹாக்கு' என்ற சொல்லைக் கைவிடுவதாக அறிவித்தது.

சொற்கள் மாறியதை நான் சிறிதாக எண்ணவில்லை. வெண்குஷ்டம் வெண்புள்ளி ஆனதில் எத்தனை பேர் மூச்சு விட்டார்கள் என்று தெரியும். ஆனால் கிரீமின் பெயரில் சிவப்பு போய்ப் 'பொலிவு' வந்தபோது இலக்கு மாறவில்லை. டப்பாவுக்குள் அதே வேலைக்கான பொருட்கள் இருந்தன. 'ஃபேர்' என்று சொல்ல வெட்கப்படும் காலத்தில் மூலிகைக்கு இன்னும் வேலை கூடியிருக்கிறது. அதிமதுரமும் மல்பெரியும் 'பொலிவு' தருகின்றன, 'சீராக்கு'கின்றன, 'தெளிவாக்கு'கின்றன. என் அம்மாவின் வீட்டில் நடந்ததுதான் இப்போது பெரிய அளவில் நடக்கிறது: ஆசையைச் சொல்லாமலே ஆசையை விற்பது.

இதைப் படிக்கும் ஒரு மாணவி, 'என் முகம், என் விருப்பம், பூசினால் உங்களுக்கென்ன?' என்று கேட்கலாம். கேட்கவேண்டும். நான் யாருடைய கிரீமையும் பிடுங்க வரவில்லை. பெண் பார்க்கும் படலத்தில் ஒரு சுற்றுக் குறையும் என்றால், வேலைக்கான நேர்முகத்தில் ஒரு பார்வை மாறும் என்றால், அதற்காகப் பூசுகிறவளுக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பூசுகிறவளைக் கேலி செய்வது மிகச் சுலபம், அது பூசச் சொன்னவர்களைத் தப்பவிடுகிறது. நான் கேட்பது இரண்டுதான். பூசுகிறவளுக்கு அது என்ன பொருள், எந்த அளவு, எப்படி வேலை செய்கிறது என்று தமிழில், படிக்கும்படியான எழுத்தில் தெரியவேண்டும். கெட்டால், முதல் கேள்வி பொருளைப் பார்த்துக் கேட்கப்படவேண்டும், அவள் உடம்பைப் பார்த்து அல்ல. புதிதாகத் திட்டு, எரிச்சல், நிறமாற்றம் எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள், டப்பாவைத் தூக்கி எறியாமல் தோல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். 'எனக்கு ஒத்துக்கல' என்று சொல்லாதீர்கள். 'இது என்னைக் கெடுத்தது' என்று சொல்லுங்கள். ஜப்பானில் அந்த இரண்டாவது வாக்கியம் காதில் விழ ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆனது. அந்த இடைவெளியில் கிரீம் விற்றுக்கொண்டிருந்தது.

அந்த மாணவியின் ஆய்வேட்டைப் பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். முன்னுரையில் வழக்கமான மூன்று வாக்கியங்களும் இருந்தன. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். "எல்லாப் பேப்பர்லயும் இருக்கே மேம்" என்றாள். கானெபோ பற்றிய இரண்டு கட்டுரைகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து வந்தாள். 'அதிகப்படியான' என்ற சொல்லை எடுத்துவிட்டு, மங்கு உள்ள திட்டுகளில் என்று குறிப்பாக எழுதியிருந்தாள். 'இயற்கையான, பாதுகாப்பான' என்ற இடத்தில் 'தாவரங்களிலிருந்து கிடைக்கும்' என்று மட்டும் எழுதியிருந்தாள். நொதியைத் தடுத்தால் போதாது, அந்த நொதி இந்தப் பொருளை என்னவாக மாற்றுகிறது என்றும் பார்க்கவேண்டும் என்று முடிவுரையில் ஒரு பத்தி சேர்த்திருந்தாள். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் அந்தப் பத்தியைக் காட்டி, இது தலைப்புக்கு வெளியே போகிறதே என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றாள். "இதக் கடைசில பூசப்போறது நாங்கதானே."